பாரிசவாதமும் துணை மருத்துவமும்



பாரிசவாதம் என்னும் சொல்லைக் கேளாதார் நம்மிடையே இலர். பாரிசம் என்றாலும் பக்கம் என்றாலும் பொருள் ஒன்றே. உடலின் ஒரு பக்கம் வழங்காமற் போவதைக் கண்ட நம் முன்னோர் பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் அதற்குப் பெயரிட்டனர். கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு இட்ட பெயர் அது; ஆயினும் அப்பெயரே நம்மைச் சற்று ஏமாற்றியும் விடுகின்றது. கை வழங்கவில்லை, கால் வழங்கவில்லை என்று காணும் வீட்டார், நோய் கையிலும் காலிலும் இருப்பதாக எண்ணி எண்ணெய் தேடுகின்றனர், பத்தியம் தேடுகின்றனர், நரம்புக்கு மருந்து தேடுகின்றனர். நோய் இருப்பதோ மூளையில்.

நான் பல்லேகலைப் பகுதியில் வாழ்பவன், மருத்துவனல்லன். கலைப் பட்டம் பெற்று, பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். மருத்துவம் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆனால், ஒரு கூற்றை எவ்வாறு சோதிப்பது, சான்று எது, செவிவழிச் செய்தி எது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமை எனக்கு உண்டு. அக்கடமையின் எல்லைக்குள் நின்றே இன்று பேசுகின்றேன்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இந்நோயால் வீழ்ந்தார். கண்டியிலே சிகிச்சை பெற்று, வலக்கையும் பேச்சும் பெரிதும் குன்றிய நிலையில் வீடு திரும்பினார். பார்க்கச் சென்றிருந்தபோது அவருடைய மனைவியார் தனியே என்னிடம் கேட்டார்: “சேர், கிளினிக்கில் குடுக்கிற குளிசை ஒரு பக்கம் நடக்கட்டும். ஹோமியோபதி மருந்தும் சேர்த்துக் குடுத்தால் நல்லது எண்டு எல்லாரும் சொல்லினம். இனிப்பு உருண்டைதானே, என்ன கெடுதி வரப் போகுது?”

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. இலங்கையிலும் இந்தியாவிலும் எத்தனையோ வீடுகளில் இன்று இது கேட்கப்படுகின்றது. அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. எளிதாகத் தலையசைத்து விடவும் கூடாது. அதற்குள்ளே மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நோய் வந்த அந்த நேரத்தில் இம்மருந்துக்கு இடமுண்டா? பின்னர் தேறிவரும் காலத்தில் இதனாற் பயனுண்டா? பயனில்லையாயினும் தீங்கில்லையன்றோ? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் ஒன்று உறைகட்டியால் அடைபடுவதனாலோ, அல்லது வெடித்துக் குருதி கசிவதனாலோ பாரிசவாதம் உண்டாகின்றது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. குருதி கிடைக்காத மூளைப் பகுதி விரைவாக மடியத் தொடங்குகின்றது. பெரிய குழாயொன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என அமெரிக்க மருத்துவ அறிஞர் ஒருவர் 2006 இல் கணக்கிட்டுக் காட்டினார். வாய் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம் என்று கொண்டு உடனே செயற்பட வேண்டும்.

எவ்வாறு செயற்படுவது? 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. பல்லேகலையிலிருந்து கண்டி நகரம் அதிக தூரமன்று. ஆயினும் தென்னகும்புரப் பாலத்தருகே பாடசாலை விடும் நேரத்து நெரிசலை அறிந்தவர்கள், வீட்டில் வீணாக்கும் கால்மணி நேரத்தின் விலையையும் அறிவார்கள். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் சி.ரி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பிரித்தறிகின்றனர். அடைப்பாயின், தகுதியான நோயாளிக்கு உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம். அதற்கு நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரமே எல்லை. அதற்குள்ளும் முந்துவோர்க்கே பயன் மிகுதி. ஆகவே, நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவர் வழக்கமாக உண்ணும் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு செல்லுதல் வேண்டும்.

அந்நேரத்தில் வாயால் எதுவும் கொடுத்தல் ஆகாது. தண்ணீர் ஆகாது, தேநீர் ஆகாது, இனிப்பு உருண்டையும் ஆகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்குக் கொடுப்பது மூச்சுக்குழாயிற் சென்று உயிருக்கே ஊறு செய்யலாம். அஸ்பிரினைக்கூட நாமாகக் கொடுத்தல் தவறு. கசிவினால் வந்த நோயாயின் அது மேலும் கேடு செய்யக்கூடும். எனவே முதற் கேள்விக்கு விடை தெளிவானது. நோய் வந்த அந்த நேரத்தில் ஹோமியோபதிக்கு மட்டுமன்று, வீட்டு வைத்தியம் எதற்குமே இடமில்லை.

இங்கே ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சிலருக்குக் கையும் பேச்சும் சிறிது நேரம் குன்றி, சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ தாமாகவே சரியாகிவிடும். இது பெரிய தாக்குதலுக்கு முன்னே வரும் எச்சரிக்கை. அடுத்த சில நாட்களே மிகவும் ஆபத்தானவை. அந்த வேளையில் வீட்டார் ஓர் உருண்டையைக் கொடுத்திருந்தால், தானாக நீங்கிய குறியை மருந்து நீக்கியது என்று நம்பி விடுவார்கள், வைத்தியசாலைக்குப் போகமாட்டார்கள். மருந்துக்குப் பெருமை வரும்; நோயாளிக்கு ஆபத்து வரும்.

இனி ஹோமியோபதியின் வரலாற்றைக் காண்போம். ஜேர்மனியிலே மைசன் நகரில் 1755 இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் என்னும் வைத்தியர் இதனைத் தோற்றுவித்தார். காய்ச்சலுக்கு அக்காலத்தில் வழங்கிய சிங்கோனாப் பட்டையை 1790 இல் தாமே உட்கொண்டு, அக்காய்ச்சலை ஒத்த குறிகள் தமக்குத் தோன்றக் கண்டதாக எழுதினார். நலமுடையவரிடத்து எக்குறியை ஒரு பொருள் உண்டாக்குகின்றதோ, அக்குறியுடைய நோயை அப்பொருளே மிகச் சிறிய அளவில் நீக்கும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. 1810 இல் தமது முதன்மை நூலை வெளியிட்டார்.

ஹானிமனை இகழ்தல் நியாயமன்று. அவர் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நோயாளியின் குருதியை வடித்தனர், பாதரசம் ஊட்டினர், வாந்தியும் பேதியும் உண்டாக்கினர். அவற்றுக்கு அஞ்சியவர்களுக்கு இனிப்பு உருண்டையும் ஓய்வும் தூய்மையும் நல்ல உணவும் கிடைத்தபோது பலர் தேறினர். தீய சிகிச்சையிலிருந்து தப்பியதே அங்கு பெரிய சிகிச்சையாயிற்று.

இம்முறை இந்தியாவுக்கு வந்த கதையில் பாரிசவாதமே முதலிடம் பெறுகின்றது என்பது வியப்பான செய்தி. பஞ்சாபை ஆண்ட மகாராசா ரஞ்சித் சிங் தம் கடைசி ஆண்டுகளிற் பாரிசவாதத்தாலே தாக்குண்டார், நாவும் தடுமாறிற்று. திரான்சில்வேனியாவைச் சேர்ந்த யோன் மார்ட்டின் ஹொனிக்பெர்கர் என்னும் வைத்தியர் 1835 இல் பாரிசிலே ஹானிமனைச் சந்தித்து அம்முறையை அறிந்தவர். அவர் 1839 இல் லாகூரில் மகாராசாவுக்கு டல்கமாரா என்னும் செடியிலிருந்து ஆக்கிய மருந்தைக் கொடுத்தார். சிறிது தேறுதல் தோன்றியதாகச் சொல்லப்படுகின்றது. ஆனால், அவ்வாண்டு யூன் 27 ஆம் திகதி மகாராசா காலமானார். அவ்வைத்தியரைக் குறை கூற வேண்டியதில்லை. 1839 இல் இந்நோய்க்குச் செய்யத்தக்கது உலகில் எந்த வைத்தியரிடத்தும் இருந்ததில்லை. இன்றைய ஏழைத் தொழிலாளிக்குக் கண்டியிற் கிடைக்கும் சிகிச்சை அன்று பேரரசருக்கும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இம்முறை விரைவிலேயே வந்தது. 1847 இல் தஞ்சாவூரிலே சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வு பெற்ற மருத்துவர் ஒரு ஹோமியோபதி வைத்தியசாலையை நிறுவினார். கல்கத்தாவிலே மகேந்திரலால் சர்க்கார் என்னும் மேனாட்டு மருத்துவப் பட்டதாரி 1867 இல் ஹோமியோபதிக்கு மாறி, அதனாலே தம் சக மருத்துவர்களின் பகையைப் பெற்றார். அவரே 1876 இல் அங்கு விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். பிற்காலத்தில் சர் சி.வி. இராமன் உழைத்துப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடம் அச்சங்கத்தினுடையதே. நம் நாட்டில் முன்னர் 1970 ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை ஒழுங்கு செய்தது; அதன் பின் வந்த 2016 ஆம் ஆண்டின் சட்டம் இப்போது ஒழுங்கு செய்கின்றது. வெலிசறையிலே அரசாங்க ஹோமியோபதி வைத்தியசாலையும் உண்டு. சட்டத்தின் அங்கீகாரம் யார் வைத்தியம் செய்யலாம் என்பதை வரையறுக்கின்றது. மருந்து நோயைத் தீர்க்கும் என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளல் கூடாது.

மருந்து எவ்வாறு ஆக்கப்படுகின்றது? மூலப் பொருளில் ஒரு பங்கை 99 பங்கு நீரிலோ மதுசாரத்திலோ கலந்து குலுக்குவது முதற்படி. அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கோடு கலப்பது இரண்டாம் படி. இப்படியே 30 படி வரை செல்வது வழக்கம். இதன் அளவை உணர நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பல்லேகலைக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கின்றது. அது நிரம்பினால் 72 கோடியே 20 இலட்சம் கன மீற்றர் நீர் கொள்ளும். அந்நீர் முழுவதிலும் ஒரே ஒரு துளி மருந்தைக் கலந்தால், அது ஏறக்குறைய எட்டாம் படிக்கு நிகராகும். பன்னிரண்டாம் படியைத் தாண்டும்போது மூலப் பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது இரசாயனம் கூறும் கணக்கு. முப்பதாம் படியில் 1 என்னும் இலக்கத்தின் பின் 60 சுழிகள் இட்ட அளவுக்கு அது ஐதாகிவிடுகின்றது. நீருக்கு மருந்தின் நினைவு இருக்கும் என்று சிலர் கூறுவர். அதற்கு ஏற்கத்தக்க சான்று இதுவரை கிடைக்கவில்லை.

“கணக்கு எதையேனும் சொல்லட்டும், குணம் தெரிகின்றதே” என்பார் உளர். நியாயமான பேச்சு. ஆகவே குணத்தையே சோதிப்போம். எப்படிச் சோதிப்பது? நமது பொதுப் பரீட்சைகளில் விடைத்தாளில் மாணவர் பெயர் எழுதுவதில்லை. சுட்டெண் மட்டுமே எழுதுவர். ஏன்? பெயர் தெரிந்தால், நேர்மையான பரீட்சகரின் கையும் தன்னையறியாமற் சாயும். மருந்துச் சோதனையிலும் இதுவே முறை. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு மருந்தில்லாத அதே போன்ற உருண்டையும் கொடுப்பர். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. முடிவிலே சுட்டெண்ணைத் திறந்து பார்ப்பர்.

இத்தகைய சோதனைகள் ஹோமியோபதிக்கு நூற்றுக்கு மேல் நடந்துள்ளன. 2005 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் 110 சோதனைகளைத் தொகுத்து நோக்கி, திறமாக நடத்தப்பட்டவற்றில் மருந்துக்கும் வெற்று உருண்டைக்கும் நம்பத்தக்க வேறுபாடு காணவில்லை என்றனர். 2015 இல் அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுச் சபை 61 வகை நோய்நிலைகளை ஆராய்ந்து, ஹோமியோபதி பயன்தரும் என்பதற்கு நம்பகமான சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு கூறிற்று. 2017 இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, குடும்ப வைத்தியர்கள் இதனை எழுதிக் கொடுப்பதை நிறுத்துமாறு பரிந்துரை செய்தது. பாரிசவாதம் இதற்கு விலக்கன்று. வெற்று உருண்டையிலும் மேலாக இம்மருந்து கையையோ பேச்சையோ மீட்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது.

அப்படியாயின், உண்டு தேறினேன் என்பவர் எல்லோரும் பொய் சொல்கின்றார்களா? இல்லை. அவர்கள் கண்டதை உண்மையாகவே கூறுகின்றார்கள். பாரிசவாதத்தின் பின் மூளை தானாகவே தன்னை ஓரளவு சீர் செய்துகொள்கின்றது. அத்தேற்றம் முதல் மூன்று மாதங்களிலே மிகுதியாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழும். மூன்றாம் வாரத்தில் உருண்டை உண்ணத் தொடங்கியவர் ஆறாம் வாரத்தில் விரலை அசைக்கும்போது, அந்த அசைவை உருண்டையின் கணக்கில் எழுதிவிடுகின்றார். சேவல் கூவிய பின் பொழுது விடிகின்றது. சேவல் கூவியதனால் விடியவில்லை.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். தீங்கு உண்டா? இனிப்பு உருண்டை தன்னளவிற் பெரும்பாலும் தீங்கற்றதே. தீங்கு வரும் வழி வேறு. பாரிசவாதம் ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். அதனைத் தடுப்பவை குருதியமுக்கக் குளிசை, குருதி உறையாமற் காக்கும் குளிசை, கொழுப்பைக் குறைக்கும் குளிசை, நீரிழிவுக்குரிய மருந்து ஆகியவை. இவை அரசாங்கக் கிளினிக்கில் மாதந்தோறும் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய மருந்தில் நம்பிக்கை பிறந்ததும், “இத்தனை குளிசை எதற்கு? உடம்பு சூடாகின்றது” என்று பழையதை மெல்லக் கைவிடுகின்றனர். குருதியமுக்கம் அளவில் நிற்பது குளிசையாலேயே. குளிசையை நிறுத்தினால் அது மீண்டும் ஏறும். ஏறுவது உடலுக்குத் தெரியாது; இரண்டாம் தாக்குதலின் போதே தெரியும். பல வீடுகளில் நோயாளியைப் படுக்கையிலே நிரந்தரமாக வீழ்த்துவது இந்த இரண்டாம் தாக்குதல்தான்.

இன்னொன்றும் உண்டு. ஹோமியோபதி என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஐதானவை அல்ல. மூலச்சாறு எனப்படும் வகையில் மூலிகையின் சத்தும் மதுசாரமும் உண்மையாகவே இருக்கும். வார்பரின் போன்ற மருந்து உண்பவருக்கு இவ்வாறான சாறுகளால் குருதிக் கசிவு நேரக்கூடும். ஆகவே எதனை உண்டாலும் கிளினிக் வைத்தியரிடம் மறைக்காது சொல்லுதல் வேண்டும். பதிவு பெறாதவரிடமும், முழுக் குணம் தருவேன் என்று உறுதி கூறுபவரிடமும் செல்லாதிருத்தல் வேண்டும்.

அந்த ஆசிரியரின் மனைவியாருக்கு நான் கூறியதும் இதுவே: “அம்மா, அந்த உருண்டை அவருக்குக் கை தராது. மனத்திருப்திக்காகக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஆனால் கிளினிக் குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது. அதற்குச் செலவிடும் காசைவிட உங்கள் நேரமே அவருக்குப் பெரிய மருந்து.”

நேரமே மருந்து என்றது உபசார வார்த்தையன்று. மூளை இழந்ததை மீட்கும் வழி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பப் பயில்வதாகும். எழுதப் படிக்கும் பிள்ளைக்கு நாம் செய்விப்பதும் அதுவே. பாரிசவாத நோயாளரைத் தனிப் பிரிவில் வைத்து, வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒன்றுகூடிப் பராமரித்தால், உயிரிழப்பும் பிறரை அண்டி வாழும் நிலையும் குறைகின்றன என்பது உலகின் பல நாடுகளில் முறையாக நிறுவப்பட்ட உண்மை. நாங்கள் பேறு பெற்றவர்கள். பல்லேகலையைக் கடந்து மகியங்கனை வீதியிலே சிறிது தூரம் சென்றால் திகனையில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கின்றது. அங்கு செல்லக் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். துணை மருத்துவம் என்ற பெயருக்கு உண்மையிலே தகுதியுடையது இதுவே.

அங்கு கற்றதை வீட்டில் தொடர்வது நம் கடமை. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது. நிமிர்த்தி உட்கார வைத்த பின்னரே உணவு ஊட்ட வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு கெடும். பொத்தானிடுதல், கோப்பையைப் பிடித்தல் ஆகியவற்றை நோயாளியே செய்யட்டும். அன்பு மிகுதியால் நாமே எல்லாவற்றையும் செய்தால், மூளைக்குப் பயிற்சி இல்லாது போகும். கறியில் உப்பைக் குறையுங்கள். புகைத்தலை அறவே நிறுத்துங்கள்.

பேச்சிழந்தவரிடம் தமிழிலே பேசுங்கள். அவர் பேச்சை இழந்தாரேயன்றி அறிவை இழக்கவில்லை. பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினால் அவர் மனம் புண்படும். சிறிய வாக்கியமாகப் பேசி, விடை வரும்வரை பொறுத்திருங்கள். சொல் வராதவருக்குச் சில வேளை பழகிய பாட்டு வரும், பாட விடுங்கள். பலருக்கு இந்நோயின் பின் மனச்சோர்வு உண்டாகின்றது. அது பிடிவாதமன்று, அதுவும் நோயின் பகுதியே. அதற்கும் மருந்துண்டு என்பதை அறிந்து வைத்தியரிடம் கூறுங்கள்.

ஹோமியோபதி வைத்தியரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் நோயாளியை நெடுநேரம் இருத்தி, உறக்கம் எப்படி, பசி எப்படி, மனக்கவலை என்ன என்று பொறுமையாகக் கேட்கின்றார். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்த நேரம் கிடைப்பதில்லை. மக்கள் அவரை நாடுவது உருண்டைக்காக மட்டுமன்று. தம் துன்பத்தை ஒருவர் கேட்டார் என்ற ஆறுதலுக்காகவும் ஆகும். அந்த ஆறுதலை நமது வைத்தியசாலைகளும், அவற்றினும் மேலாக நமது வீடுகளும் அளிக்கலாம். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை.

நேயர்களே, கொழும்பு நகரப் பகுதியில் நடந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் பாரிசவாதம் கண்டவர்கள் என்றது. நம் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்கு நீங்கள் செல்லும்போது, இன்ன மருந்து நல்லதாம் என்று சொல்வதற்கு முன், இம்மாதக் கிளினிக்குக்குப் போனீர்களா என்று கேளுங்கள். போக வண்டி இல்லையென்றால் ஒழுங்கு செய்து கொடுங்கள். அரை மணி நேரம் அவரருகே அமர்ந்து அவர் கையைப் பயிற்சி செய்விக்க உதவுங்கள். அயலவராகிய நாம் கொடுக்கக்கூடிய துணை மருத்துவம் அதுவே.